சாரலுக்கு எழுந்து போனவர்கள்

தயாரிப்பாளர் சின்னச்சாமியை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் இடுப்பில் ஒரு துண்டு மட்டும் இருந்தது. மீதி எல்லாம் எண்ணெய்.

குற்றாலத்தில், மெயின் அருவிக்குப் போகிற வழியில், ஒரு பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்ப்பவர் அவர் முதுகில் இரண்டு கையாலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சின்னச்சாமி திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். ஆசைப்பட்டு எடுத்த முதல் படம் அந்த வெள்ளிக்கிழமைதான் வெளியாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தயாரிப்பாளர் குற்றாலத்தில் வந்து முதுகைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றால், படம் எப்படிப் போகிறது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றினேன். எனக்கும் தேய்க்கச் சொன்னேன். காரணமாகத்தான். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர் எங்கேயும் ஓட முடியாது. எண்ணெய் ஊறுகிறவரை காரில் ஏற முடியாது, லாட்ஜில் உள்ளே விட மாட்டார்கள், செல்போனை எடுத்தால் கையில் நிற்காது. பெரிய மனிதர்களைப் பேட்டி எடுக்க இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

உங்கள் படத்தில் ஒரு காட்சியை வெட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன் என்று ஆரம்பித்தேன். அவர் திடுக்கிட்டுத் திரும்புவதற்குள் எண்ணெய் தேய்ப்பவர் அவர் தலையைப் பிடித்து நேராக வைத்தார்.

“பேசாதீங்க சார். எண்ண வாய்க்குள்ள போவும்.”

வெளியூர் விமர்சகன்

நான் சினிமா விமர்சனம் எழுதுகிறவன் என்பதும் தென்காசியில் இருந்துகொண்டே எழுதுகிறவன் என்பதும் இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பகலில் கூட்டுறவு வங்கி, மிச்ச நேரமெல்லாம் சினிமா. வாரப் பத்திரிகையில் எனக்கு ஒரு பக்கம். அதில் ஒரு விமர்சனம், ஒரு பேட்டி, கீழே ‘இந்த வாரம் காதில் விழுந்தவை’ என்று சில பாட்டுகள்.

சென்னை விமர்சகர்களுக்கு முன்கூட்டியே படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். குளிர்சாதன அரங்கு, இடைவேளையில் சமோசா, வெளியே வந்ததும் இயக்குநர் கை கொடுப்பார். எனக்கு மைதீன் பாயின் தியேட்டர். தகரக் கூரை, முதல் காட்சி, விசில், காலுக்குக் கீழே யாரோ கொட்டின பாப்கார்ன். டிக்கெட்டும் நானே எடுத்துக்கொள்வேன். இதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சமோசா தின்றுவிட்டு ஒரு படத்தைத் திட்டுவதற்குத் தனி மனவலிமை வேண்டும்.

ஆனால் வெளியூர் விமர்சகன் மீது ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கும். எங்கள் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் இருக்கிறது. சூரியகாந்தி பூத்துவிட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு எல்லா மொழிக்காரர்களும் அங்கே வந்து இறங்குவார்கள். அங்கே எடுத்த படத்தை நான் பாராட்டினால் ஊர்ப் பாசம் என்பார்கள்.

உண்மையில் நான் அந்த வயலைத் திட்டித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். கதாநாயகிக்கு வேறு வேலை இல்லாதபோதெல்லாம் சூரியகாந்திக்குள் ஓடவிடுகிறார்களே, அவள் பிழிந்தா எண்ணெய் எடுக்கப் போகிறாள் என்று ஒரு முறை எழுதிவிட்டேன். வயலை வாடகைக்கு விட்டிருந்தவர் வங்கிக்கே வந்து என்னை முறைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு சீசன் முழுக்க அந்தப் பக்கம் நான் பைக்கை விடவில்லை.

தகரக் கொட்டகையில் யாழினி

சின்னச்சாமியின் படமும் அங்கே எடுத்ததுதான். பெயர் வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் பயந்துகொண்டேதான் போனேன்.

படத்துக்கு இசை யாழினி என்ற பெண். அவளுக்கும் அதுதான் முதல் படம். வெளியாவதற்கு முந்தின வாரம் அவளை நான் பேட்டி எடுத்திருந்தேன். பாட்டைப் பற்றி ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள். சுந்தரபாண்டியபுரத்தில் வயலோரத் தகரக் கொட்டகையில் மைக்கை வைத்துக்கொண்டு ஒரு சீசன் உட்கார்ந்திருந்ததைப் பற்றிக் கேட்டதும்தான் பேச்சு வந்தது.

“மழைச் சத்தம் எல்லாருக்கும் தெரியும் சார். சாரல் சத்தம் கேக்கணும்னா பக்கத்துல இருக்கறவங்க சண்டையை நிறுத்தணும். படத்துல அப்படி ஒரு இடம் இருக்கு.”

அந்த இடம்தான் பிறகு எல்லா வம்புக்கும் காரணமானது. அப்பாவும் மகளும் வீட்டுக்குள் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு இரண்டு பேரும் சும்மா இருக்கிறார்கள். நிறைய நேரம் சும்மா இருக்கிறார்கள். படத்தில் வெளியே வெயில்தான் தெரிகிறது. அப்போது நம் முதுகுக்குப் பின்னாலிருந்து, தியேட்டரின் பின்பக்க ஸ்பீக்கர்களில், தகரத்தின் மேல் சாரல் விழ ஆரம்பிக்கிறது. மெதுவாக, விட்டு விட்டு, காற்றோடு. அதிலிருந்தே ஒரு புல்லாங்குழல் கிளம்புகிறது. அதற்கும் பிறகுதான் திரையில் ஜன்னல் நனைகிறது.

சென்னையில் இதைப் பார்த்தவர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா? ஒருவர் ‘இழுவை’ என்றார். இன்னொருவர் அந்தக் காட்சியில் ஒலிப்பதிவில் ஏதோ இரைச்சல் இருப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டார். சாரலைப் பார்த்து இரைச்சல் என்ற அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி

வங்கிக்கு லீவு போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு நானும் என் மனைவி செல்வியும் போயிருந்தோம். பின்வரிசையில் இருந்தோம். வெளியே நல்ல வெயில். ஆனால் சீசன் நேரம். எங்கள் ஊரில் சீசன் நேரத்து வெயிலை யாரும் நம்புவதில்லை. அடித்துக்கொண்டே இருக்கும், திரும்பிப் பார்ப்பதற்குள் மலையிலிருந்து சாரல் இறங்கிவிடும்.

அந்தக் காட்சி வந்தது. பின்னால் தகரத்தில் சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். சினிமா பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் நான், ஒரு நொடிகூட யோசிக்காமல், பைக் சீட் நனைகிறதே என்று எழுந்தேன். எனக்கு முன்னால் நாலைந்து பேர் ஏற்கெனவே நடையில் இருந்தார்கள். பக்கத்தில் செல்வி போனை எடுத்து வீட்டிலிருந்த மகளிடம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, மாடில துணி கெடக்கு. ஓடிப் போய் எடு, மழ வருது.”

மகள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

“இங்கன வெயில்லா அடிக்கி. ஒனக்கு என்னம்மா ஆச்சு?”

நான் வெளியே போனேன். தரை காய்ந்து கிடந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கூட்டம், ஆளுக்கொரு சீட்டில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கம். கடைசியில் ஒரு ஆள்தான் சொன்னார்.

“ஏலே, மழ உள்ளல்லா பெய்யுது.”

எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினோம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் படம் பார்த்திருக்கிறேன், ஒரு சத்தம் என்னை நாற்காலியிலிருந்து தூக்கி வெளியே அனுப்பியது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து அதே சூட்டோடு எழுதினேன். சாரல் இசையை ‘காதில் விழுந்தவை’யிலும் முதலாவதாகப் போட்டேன். அது ஆடியோவிலேயே கிடையாது, படத்தில் மட்டும்தான் உண்டு. எங்கே தேடியும் பாட்டு கிடைக்கவில்லை என்று வாசகர்கள் திட்டினார்கள். தியேட்டரில் போய்த் தேடுங்கள் என்றேன்.

நாங்கள் எழுந்து போன விஷயத்தையும் எழுதியிருந்தேன். ஆசிரியர் அந்தப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டுத்தான் இணையப் பதிப்பில் போட்டார். கேட்டதற்கு, நம்புகிற மாதிரி இல்லை என்றார்.

அரை நிமிட வீடியோ

சனிக்கிழமை ஒரு வீடியோ சுற்ற ஆரம்பித்தது. அதே வெள்ளிக்கிழமைக் காட்சி, எங்கள் தியேட்டர். யாரோ திருட்டுத்தனமாக போனில் எடுத்தது. திரையில் அப்பாவும் மகளும் சும்மா இருக்கிறார்கள். தியேட்டரில் ஆள் ஆளாக எழுந்து வெளியே போகிறார்கள். பெண்கள் போனை எடுத்துக் காதில் வைக்கிறார்கள். அதோடு வீடியோ முடிந்தது. மேலே ஒரு வரி: ‘படம் எடுத்த ஊர்க்காரனே எழுந்து ஓடுகிறான்.’

போகிறவர்களில் ஒரு வழுக்கைத் தலை நன்றாகத் தெரிந்தது. அது என்னுடையது.

ஓடினவர்கள் எதற்கு ஓடினார்கள் என்று எழுந்து போன ஒருவராவது சொல்லியிருக்கலாம். சொல்வார்களா? படத்து மழைக்கு பைக்கைத் துடைக்கப் போனேன் என்று எந்தத் தென்காசிக்காரன் ஊரறியச் சொல்லுவான்? எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் இணையத்தில் விளக்கம் எழுதினேன். அதற்கு வந்த பதில்களை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

அன்று மாலையே அறிவிப்பு வந்தது. ரசிகர்களின் வேண்டுகோளுக்கிணங்கப் படத்தின் நீளம் குறைக்கப்படுகிறது, திங்கட்கிழமை முதல் புதிய வடிவம். எந்தக் காட்சி போகிறது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. யாழினிக்குப் போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை.

பத்திரிகை ஆசிரியருக்குப் போட்டேன், அவர் எடுத்தார். நல்ல மனிதர், கோபப்படாமல்தான் பேசினார். ஊரே எழுந்து போகிற காட்சியை நீங்கள் ஒருவர் மட்டும் உச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை அந்தக் காட்சியே படத்தில் இருக்காது. உங்கள் பேச்சைக் கேட்டுப் போகிறவர்கள் நம் பத்திரிகையைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். அச்சில் அந்தப் பக்கத்தை நிறுத்தி வைக்கலாமா என்று யோசிக்கிறேன். சென்னையில் ஒரு பையன் நன்றாக எழுதுகிறான், அவனைக் கொஞ்ச நாள் எழுதச் சொல்லலாம். இதுதான் அவர் சொன்னது.

கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பக்கம் போவது ஒரு வலி. அதைவிட, கேட்ட காது பொய் சொல்கிறது என்கிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் மைதீன் பாய் போன் செய்தார். கடையநல்லூர்க்காரர், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பி வந்து இந்தத் தியேட்டரை எடுத்து நடத்துகிறார். அந்தப் பின்பக்க ஸ்பீக்கரெல்லாம் அவர் ஆசையாக வாங்கி மாட்டியவை.

“அண்ணாச்சி, ஒங்க புரொடியூசரு குத்தாலத்துலதான் இருக்காரு. கலெக்‌ஷன் கேட்டு போன் போட்டாரு. காலைல எண்ண தேய்க்கப் போறேன்னு சொல்லுதாரு. போயிப் பிடிங்க.”

எண்ணெய் ஊறுகிறவரை

அப்படித்தான் ஞாயிறு காலையில் நாங்கள் இரண்டு பேரும் எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு மரத்தடியில் நின்றோம். பக்கத்தில் குரங்கு ஒன்று யாரிடமோ பிடுங்கிய பழத்தை உரித்துக்கொண்டிருந்தது. அருவி இரைச்சலில் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

சின்னச்சாமி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நொந்து போயிருந்தார். படத்திலேயே அந்தக் காட்சிதான் அவருக்கும் பிடிக்குமாம். சொந்த மகளோடு அவருக்கும் அப்படி ஒரு சண்டை உண்டாம். ஆனால் வீடியோவைப் பார்த்தபிறகு விநியோகஸ்தர்கள் விடவில்லை. சாயங்காலம் சென்னைக்கு ஒரு வார்த்தை சொன்னால் வெட்டிவிடுவார்கள்.

“நானென்னங்க பண்றது? ஊர்சனமே எந்திரிச்சுப் போகுதுங்க. அதுக்கு மேல நான் எதை வெச்சுப் பேசறதுங்க?”

அப்போதே மழை விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆசிரியரே நம்பவில்லை, இவர் எங்கே நம்பப் போகிறார் என்று தோன்றியது. அதனால் ஒன்றுதான் கேட்டேன். மேட்னி ஷோவுக்கு வாருங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், ஜனங்களைப் பாருங்கள்.

“எந்திரிச்சுப் போறவன் எங்க போறான்னு மட்டும் பாருங்க சார். அதுக்கப்புறம் நீங்க வெட்டுனா நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்.”

அவர் நெற்றியில் வழிந்த எண்ணெயை வழித்து உதறினார். சரி என்றார். பிறகு இரண்டு பேரும் போய் அருவியில் நின்றோம். தண்ணீர் மண்டையில் விழுந்த வேகத்தில் என் பயமெல்லாம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. வெள்ளிக்கிழமை எழுந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் எழுந்திருப்பார்கள் என்று என்ன நிச்சயம்?

மேட்னி

ஞாயிறு ஆனதால் முக்கால்வாசி அரங்கு நிறைந்திருந்தது. சின்னச்சாமியை நடு வரிசை ஒன்றில் ஓர நாற்காலியில் உட்காரவைத்தேன். நான் பக்கத்தில். அந்தக் காட்சி வருகிறபோது அவர் நாற்காலியில் திரும்பி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களையே பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வேதனை.

அப்பாவும் மகளும் பேசி முடித்தார்கள். ஓய்ந்தார்கள். அரங்கில் ஒருவரும் அசையவில்லை. கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்ச நேரம்.

பின்னால் தகரத்தில் சாரல் விழுந்தது.

முதலில் எழுந்தவர் எனக்கு அடுத்தாற்போல் இருந்த மனிதர்.

“அட, மழைங்க! கார் மேக்கண்ணாடியத் தெறந்து போட்டுட்டு வந்துட்டனுங்க” என்று சொல்லிக்கொண்டே தயாரிப்பாளர் சின்னச்சாமி வாசலைப் பார்த்து ஓடினார்.

நானும் பின்னால் ஓடினேன். எங்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெளியே வெயிலில் கண் கூசியது. சின்னச்சாமி காரின் கூரைமேல் கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. கையை உதறிவிட்டு வானத்தைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். ஆளுக்கொரு வண்டி சீட்டில் கையை வைத்துக்கொண்டு ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில், சீட்டில் மாட்ட எடுத்த பாலித்தீன் உறை ஒன்று கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது.

அவருக்குப் புரிய ஆரம்பித்ததை நான் பார்த்தேன். முதலில் வாய் லேசாகத் திறந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அந்தப் பெரிய மனிதர் கார்மேல் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். படத்தை எத்தனை தடவை பார்த்தவர் அவர்! எடிட்டிங் அறையில் பார்த்தவர், சென்னையில் பெரிய அரங்கில் பார்த்தவர். அவரையே அவர் படம் ஏமாற்றிவிட்டது.

பாலித்தீன் உறை வைத்திருந்தவர் பாவம், இவர் யாரென்று தெரியாமல் ஆறுதல் சொன்னார்.

“வெக்கப்படாதீங்க அண்ணாச்சி. எடுத்தவன் கெட்டிக்காரன், என்ன செய்ய?”

சின்னச்சாமி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அங்கேயே நின்று சென்னைக்குப் போன் போட்டார்.

“அந்த சீனைத் தொடக்கூடாதுங்க. ஏனா? நானே எந்திரிச்சு ஓடியாந்து நடு வெயில்ல நிக்கறனுங்க, அதான்.”

எதிர்முனையில் இருந்தவருக்கு என்ன புரிந்திருக்கும் என்று தெரியவில்லை. எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போட வேண்டும்போல் இருந்தது. வயதைக் கருதிப் போடவில்லை.

ஊர் நனைந்த நாள்

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கல்யாண வீட்டு வேகத்தில் நடந்தது. சின்னச்சாமி வெயிலில் நின்று சிரிக்கிற படத்தை அவரே எல்லா இடத்திலும் போட்டார், தான் ஏமாந்த கதையோடு. தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டபிறகு எங்கள் ஊர்க்காரர்களுக்கும் வெட்கம் விட்டுவிட்டது. நானும் எழுந்து போனேன், நானும் போனேன் என்று போட்டி போட்டுச் சொன்னார்கள். போகாதவர்களும் சொன்னார்கள். ‘இரைச்சல்’ என்று எழுதியவர் இரண்டாம் தடவை பார்த்துவிட்டுத் திருத்தி எழுதினார். ஆசிரியர் வெட்டின பத்தியை எடுத்துக் கட்டம் கட்டி, அச்சுப் பக்கத்தின் உச்சியில் போட்டார். சென்னைப் பையனைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே வரவில்லை.

யாழினி அன்று மாலையே கூப்பிட்டாள். எப்படி நடந்தது என்று மூன்று முறை சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சாரலைத் தனிப் பாட்டாகவும் வெளியிட்டார்கள். என் வாசகர்களுக்குத் தேடுகிற வேலை மிச்சமாயிற்று.

மைதீன் பாய் வாசலில் ஒரு போர்டு எழுதி மாட்டினார்: ‘சாரல் படத்தில் மட்டும். ரசிகர்கள் அமைதியாக அமரவும்.’ அந்த போர்டைப் படமெடுக்கவே அம்பாசமுத்திரத்திலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் கூட்டம் வந்தது.

படம் ஓடி முடிகிற வாரத்தில் நானும் செல்வியும் இன்னொரு முறை போனோம். அரங்கு நிறைந்திருந்தது. அந்தக் காட்சி வந்தது, சாரல் விழுந்தது. ஒருவரும் எழவில்லை. எல்லோரும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, நமக்குத் தெரியாதா என்ற முகத்தோடு கேட்டார்கள். பக்கத்தில் பழக்க தோஷத்தில் எழப்போன ஒருவரை அவர் சம்சாரம் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். புல்லாங்குழல் முடிந்து, காட்சி மாறி, திரையில் சந்தையைக் காட்டியபிறகும் சாரல் நிற்கவில்லை. அட, என்ன அருமையாக அடுத்த காட்சிக்குக் கொண்டுபோகிறாள் இந்தப் பெண், போன தடவை கவனிக்காமல் போனேனே என்று நான் செல்வியிடம் மெச்சிக்கொண்டேன்.

படம் விட்டு வெளியே வந்தால் கணுக்கால் தண்ணீர். ஒரு மணி நேரமாக மழை கொட்டியிருக்கிறது. பைக் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த என் ஹெல்மெட்டை எடுத்துக் கவிழ்த்தேன், அரைவாளி தண்ணீர் விழுந்தது. அத்தனை வண்டிகளும் சொட்டச் சொட்ட நின்றன. பெண்கள் வீட்டுத் துணியை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

யாரோ என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நனைந்த சீட்டைக் கையால் வழித்துக்கொண்டிருந்த ஒரு முரட்டு ஆள் என்னிடம் வந்தார். அடி விழப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

“மழச் சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுது அண்ணாச்சி. நீங்க எழுதியிருக்கீயள்லா, அதான் எந்திரிக்கல.”